குப்பியில் ஒட்டிய பெயரை எவ்வளவு நம்பலாம்?

மெல்க் என்று ஒரு புரதம். புற்றுநோய்ச் செல்கள் பெருக அது கட்டாயம் வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. அதைத் தடுக்கும் ஓடிஎஸ்167 என்ற மருந்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்துக்கே போய்விட்டது. 2017-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஜேசன் ஷெல்ட்சரின் குழு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் மெல்க் மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்தது. செல்கள் எப்போதும்போல் வளர்ந்தன. சரி, மெல்க்கே இல்லாத அந்தச் செல்கள்மேல் மருந்தை விட்டால் என்ன ஆகும்? செத்தன. மெல்க் உள்ள செல்கள் எப்படிச் செத்தனவோ, அப்படியே.

2019-இல் அதே குழு, வெவ்வேறு புரதங்களைக் குறிவைப்பதாகச் சொல்லப்பட்ட பத்து மருந்துகளை இதே சோதனைக்கு உட்படுத்தியது. குறிவைத்த புரதத்தை நீக்கிய பிறகும் மருந்துகள் செல்களைக் கொன்றன. அவற்றில் ஓடிஎஸ்964 என்ற மருந்து பிபிகே என்ற கைனேஸை (ஒரு வகை நொதி) தடுப்பதாகப் பெயர் பெற்றது. உண்மையில் அது தடுத்தது சிடிகே11 என்ற முற்றிலும் வேறொரு கைனேஸை. மருந்தில் வீரியக் குறைவு எதுவும் இல்லை. அது ஏன் கொல்கிறது என்று சொன்ன கதைதான் தவறு.

இந்தக் கதை மருந்து நிறுவனங்களுக்கு மட்டும் உரியதல்ல. சிங்கப்பூரில் புவன விஸ்தா ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பயோபொலிஸ் என்ற ஆய்வு வளாகம் 2003-இல் திறக்கப்பட்டது. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் அங்கே வேலைப் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் முதலில் கையில் எடுக்கும் பொருள்களில் ஒன்று இப்படியொரு தடுப்பான்தான், அதாவது ஒரு புரதத்தின் வேலையை நிறுத்தும் வேதிப்பொருள். ஒரு சிறு குப்பி, அதன்மேல் ஒரு பெயர், பக்கத்தில் ‘மெக் தடுப்பான்’, ‘பிஐ3கே தடுப்பான்’ என்று ஒரு விளக்கம். இந்த விளக்கத்தை அப்படியே நம்பி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. வீட்டு மின்பெட்டியில் ‘சமையலறை’ என்று எழுதியிருக்கும் சுவிட்சை இறக்கினால் வரவேற்பறை விளக்கும் அணைகிறதல்லவா, அந்த மாதிரி. சுவிட்சை இறக்கியது நிஜம், விளக்கு அணைந்ததும் நிஜம். எழுதியிருப்பதை நம்பி ‘விளக்குக்கான கம்பி சமையலறை வழியாகத்தான் போகிறது’ என்று முடிவு கட்டினால்தான் வம்பு.

முதலில் செல் எப்படி வளர்கிறது என்று பார்த்துவிடுவோம். இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. இன்சுலினோ வளர்ச்சிக் காரணி ஒன்றோ வந்து ஒட்டினால் ஏற்பி விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து செய்தி முக்கியமாக இரண்டு வழிகளில் உள்ளே போகிறது. ராஸ், ராஃப், மெக், எர்க் என்று போகும் வழி ஒன்று. ‘இரண்டாகப் பிரி’ என்ற உத்தரவில் அதற்குப் பெரிய பங்கு. பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்று போவது இன்னொன்று. ‘சத்து இருக்கிறது, புரதம் தயாரி, பெரிதாகு’ என்பது அதன் வேலை. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை கைனேஸ்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த மூலக்கூறின்மேல் ஒட்டிவிடும் நொதிகள் அவை. பாஸ்பேட் ஒட்டியதும் அடுத்தது விழிக்கும், அது தனக்கு அடுத்ததை எழுப்பும். மனித உடலில் 518 புரதக் கைனேஸ்கள் இருப்பதாக 2002-இல் ஒரு பட்டியல் வெளியானது. இவற்றில் பெரும்பாலானவை ஏடிபியைப் பிடித்துக்கொள்ளும் குழி கிட்டத்தட்ட ஒரே வார்ப்பு. இந்த ஓர் உண்மைதான் தடுப்பான்களால் வரும் தலைவலியில் பாதிக்குக் காரணம்.

அப்படியானால் மரபணுவையே நீக்கிவிட்டுப் பார்க்கலாமே, வேதிப்பொருள் எதற்கு? நல்ல கேள்விதான். மரபணுவை நீக்க நாள்கணக்காகும். அதற்குள் செல் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும். வளர்ச்சிச் செய்தியோ நிமிடக்கணக்கில் ஓடுவது. இன்சுலின் பட்ட பத்து நிமிடத்தில் ஏகேடியின்மேல் பாஸ்பேட் ஏறி முடிந்திருக்கும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் கருவி தடுப்பான்தான். போட்ட அரைமணி நேரத்தில் வேலை தெரியும். பலவற்றைக் கழுவி எடுத்துவிட்டால் செல் பழைய நிலைக்குத் திரும்பும். பாதி தடுத்துப் பார்க்கலாம், கால்வாசி தடுத்துப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. மரபணுவை நீக்கினால் புரதம் மொத்தமாகக் காணாமல் போய்விடும். தடுப்பான் போட்டால் புரதம் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் வேலை மட்டும் நிற்கும். சில கைனேஸ்கள் பாஸ்பேட் ஒட்டுவதோடு, மற்றப் புரதங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் சட்டகமாகவும் இருப்பதால் இந்த வித்தியாசம் பெரியது. ஆகவே தடுப்பானைத் தூக்கி எறிந்துவிட்டு மரபணு வேலைக்கு மட்டும் போய்விடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தடுப்பான் ஒன்று முழுப் பாதையையே காட்டிக்கொடுத்த கதைக்கு ராப்பமைசினை விட நல்ல உதாரணம் கிடையாது. 1964-இன் இறுதியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவுக்குப் போனது. அந்தத் தீவுக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர் ராப்பா நுயி. குழு அங்கிருந்து மண் மாதிரிகளை எடுத்து வந்தது. மான்ட்ரியலில் இருந்த ஏயர்ஸ்ட் நிறுவனத்தில், அந்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா ஒன்றிலிருந்து பூஞ்சைகளை அடக்கும் பொருளைப் பிரித்தார்கள். 1975-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அந்த வேலையின் மையத்தில் இருந்தவர் பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல். பிறகு நிறுவனம் மான்ட்ரியல் ஆய்வகத்தை மூடியபோது, அவர் கொஞ்சம் பொருளைத் தம் வீட்டு உறைபெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்பது இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் செய்தி. பின்னாளில் அதே பொருள் சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களுக்கான மருந்தானது. 1999-இல் சிரோலிமஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் அது செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசப் ஹெய்ட்மேன், ராவ் மொவ்வா, மைக்கேல் ஹால் மூவரும் ஈஸ்ட்டில் தேடினார்கள். ராப்பமைசின் போட்டும் வளர்கிற ஈஸ்ட் எது, அதில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 1991-இல் டார்1, டார்2 என்ற இரண்டு மரபணுக்கள் அகப்பட்டன. 1994-இல் பாலூட்டிகளிலும் அதே புரதம் கிடைத்தது. எம்டார் என்று நாம் இன்று சொல்வது அதுதான். பிஐ3கே வழியின் கடைக்கோடியில் உட்கார்ந்து செல்லின் அளவையே தீர்மானிக்கிற ஒரு புரதத்துக்கு, அதைத் தடுத்த மருந்தின் பெயரிலிருந்து பெயர் வந்தது. வேலை நடந்த வரிசையைக் கவனியுங்கள். மருந்து முதலில், அதை எதிர்க்கும் மாற்றம் அடுத்து, புரதம் கடைசியில்.

இவ்வளவு சுத்தமான கருவியும் ஆராய்ச்சியாளர்களைத் தடம் மாற்றியிருக்கிறது. ராப்பமைசின் நேராக எம்டாரின் ஏடிபிக் குழியில் போய் உட்காருவதில்லை. எஃப்கேபிபி12 என்ற சிறு புரதத்தோடு சேர்ந்து, எம்டாரின் வேறொரு பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. எம்டார் இரண்டு கூட்டுகளாக இருக்கிறது என்பது 2000-க்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் கூட்டை ராப்பமைசின் உடனே பிடிக்கும். இரண்டாவதை அப்படிப் பிடிக்காது. ஆனால் சில வகைச் செல்களில் ஒரு நாள் முழுவதும் மருந்து இருந்தால் இரண்டாவது கூட்டு புதிதாக உருவாவதும் தடைபடும் என்று 2006-இல் தெரிந்தது. முதல் கூட்டிலேயே கூட எல்லா வேலையும் நிற்பதில்லை. எஸ்6 கைனேஸுக்குப் போகும் பாஸ்பேட் அறவே நின்றுபோகும். புரதத் தயாரிப்பைப் பூட்டி வைக்கும் 4ஈ-பிபி1-க்குப் போகும் பாஸ்பேட்டில் ஒரு பகுதி தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். 2009-இல் டாரின்1 போன்ற, ஏடிபிக் குழியையே அடைக்கும் தடுப்பான்கள் வந்தபிறகு இந்த வித்தியாசம் வெட்டவெளிச்சமானது. அதுவரை ‘ராப்பமைசின் போட்டும் மாற்றம் இல்லை, ஆகவே எம்டாருக்கு இதில் வேலையில்லை’ என்று எழுதிய கட்டுரைகளை எல்லாம் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. மருந்து தவறு செய்யவில்லை. அது முழுதாகத் தடுக்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

பிஐ3கே பக்கம் வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். வெகுகாலம் ஆய்வகங்களில் இரண்டு பொருள்கள்தான் புழங்கின. ஒன்று பூஞ்சையிலிருந்து வந்த வோர்ட்மேனின். மிகக் குறைந்த செறிவிலேயே பிஐ3கே-யைப் பிடித்துக்கொண்டு விடாது, ஆனால் செல் வளர்ப்புக் கரைசலில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். மற்றது 1994-இல் எலி லில்லி நிறுவனம் வெளியிட்ட எல்ஒய்294002. வெங்காயத்தில் நிறைய இருக்கும் குவெர்செட்டின் என்ற பொருளின் அமைப்பை மாற்றி உருவாக்கப்பட்டது. (உடனே வெங்காயம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். ஆய்வகத்தில் போடுகிற செறிவு சாப்பாட்டால் ரத்தத்தில் வராது.) எல்ஒய்294002 சிதையாது, விலையும் குறைவு. ஆகவே எல்லாரும் அதையே எடுத்தார்கள். வழக்கமாகப் போட்ட செறிவு 10 முதல் 50 மைக்ரோமோலார். அந்தச் செறிவில் அது எம்டாரையும் பிடிக்கும், சிகே2 என்ற கைனேஸையும் பிடிக்கும். 2014-இல் இன்னும் வேடிக்கையான செய்தி வந்தது. கைனேஸோடு சம்பந்தமே இல்லாத, மரபணுக்களை வாசிக்க உதவும் பிஇடி புரதங்களிலும் அது போய் ஒட்டுகிறதாம். இத்தனைக்கும் ‘வேலை செய்யாத இரட்டை’ என்று ஒப்பீட்டுக்காக விற்கப்பட்ட எல்ஒய்303511 என்ற பொருளும் சும்மா இருக்கவில்லை. அது பிஐ3கே-யைத் தொடாது, ஆனால் எம்டாரையும் சிகே2-வையும் தடுக்கும். ஒப்பீட்டுக்கு வைத்த பொருளே பாதையின் கீழ்க்கோடியைத் தடுத்தால் அந்த ஒப்பீட்டை வைத்து என்ன செய்வது?

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கோஹனின் குழு இதை முறையாகக் கணக்கெடுத்தது. 2000-இலும் 2007-இலும் வெளியான அவர்கள் கட்டுரைகள், ஆய்வகங்களில் புழங்கிய தடுப்பான்கள் ஒவ்வொன்றையும் பல கைனேஸ்களோடு மோதவிட்டுப் பார்த்தன. ‘இதற்கு மட்டும்’ என்று விற்கப்பட்ட பலவும் வேறு சிலவற்றையும் தடுத்தன. பி38 என்ற கைனேஸின் தடுப்பான் என்று பெயர் வாங்கிய எஸ்பி203580, சிகே1-ஐயும் தடுத்தது. மெக் தடுப்பான்கள் மட்டும் ஓரளவு தப்பித்தன. பிடி98059, யு0126 இரண்டும் ஏடிபிக் குழியைத் தொடாமல் வேறிடத்தில் ஒட்டுவதால் மற்றக் கைனேஸ்கள் அவற்றிடம் பெரும்பாலும் சிக்குவதில்லை. மெக்5 என்ற பங்காளி மட்டும் சிக்கும்.

இங்கே சிங்கப்பூரோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். 1985-இல் தொடங்கிய மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தை எல்லாரும் ஐஎம்சிபி என்றுதான் சொல்வார்கள். அங்கே எட்வர்ட் மான்சர், தாமஸ் லியுங், லூயிஸ் லிம் முதலியோர் 1994-இல் பேக் என்ற கைனேஸை அடையாளம் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ரோஏ புரதத்தோடு ஒட்டும் இன்னொரு கைனேஸையும் கண்டார்கள். இன்று ராக் என்று உலகம் அழைப்பது அந்தக் குடும்பத்தைத்தான். செல் தன் உருவத்தை மாற்றுவதற்கும் இழுத்துச் சுருங்குவதற்கும் அது வேண்டும். 1997-இல் ஜப்பானியர்கள் அதற்கு ஒரு தடுப்பானை வெளியிட்டார்கள், ஒய்-27632. 2007-இல் அதை மனிதக் குருத்தணுக்களில் போட்டுப் பார்த்தபோது ஆச்சரியம். தனித்தனியாகப் பிரித்துவிட்ட குருத்தணுக்களில் சுமார் 1 சதவீதம்தான் பிழைத்துக் கூட்டமாக வளரும். தடுப்பானைப் போட்டால் சுமார் 27 சதவீதம். அன்றிலிருந்து குருத்தணு வளர்க்கும் ஆய்வகங்களில் 10 மைக்ரோமோலார் ஒய்-27632 என்பது ரசத்தில் உப்பு மாதிரி ஆகிவிட்டது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். டண்டீ பட்டியலின்படி அதே மருந்து பிஆர்கே2 என்ற கைனேஸையும் ஏறக்குறைய அதே வீரியத்தோடு தடுக்கிறது. குருத்தணுவைப் பிழைக்க வைப்பது மட்டும் நோக்கம் என்றால் அது எப்படி நடந்தாலும் சரிதான். ‘ஆகவே ராக்தான் காரணம்’ என்று எழுத வேண்டுமானால் அந்த மருந்து மட்டும் போதாது.

குப்பியில் போட்டிருக்கும் எண் இன்னொரு கண்ணி. ‘ஐசி50 இத்தனை நானோமோலார்’ என்று விற்பனைப் பட்டியலில் இருக்கும். பாதி வேலையை நிறுத்தத் தேவையான செறிவு அது. ஆனால் அது பெரும்பாலும் சோதனைக் குழாயில், சுத்தப்படுத்திய கைனேஸோடு, கொஞ்சம்போல ஏடிபி மட்டும் வைத்துக்கொண்டு அளந்தது. உயிருள்ள செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில் இருக்கும். அதே குழிக்காகப் போட்டியிடும் மருந்துக்கு அங்கே நிறையப் போட்டி. அதனால் செல்லில் அதிகச் செறிவு வேண்டியிருக்கும். அதற்காகக் கூட்டிக்கொண்டே போனால் மற்றக் கைனேஸ்களும் சிக்கத் தொடங்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் பட்டியல் சொல்லாது, செல்தான் சொல்லும். அதற்கு ஒரு வழிதான் உண்டு. செறிவைப் படிப்படியாக ஏற்றி, குறிவைத்த கைனேஸ் பாஸ்பேட் ஒட்டும் அடுத்த புரதத்தைப் பார்க்க வேண்டும். மெக்கைத் தடுத்தால் எர்க்கின்மேல் உள்ள பாஸ்பேட் மறைகிறதா? அது மறைகிற செறிவும் செல் வளர்ச்சி நிற்கிற செறிவும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். பாஸ்பேட் 1 மைக்ரோமோலாரிலேயே மறைந்துவிட்டது, வளர்ச்சியோ 30-இல்தான் நிற்கிறது என்றால், வளர்ச்சியை நிறுத்தியது வேறு ஏதோ ஒன்று.

இதைச் செய்து பார்க்கும் விதம் கேட்க எளிது. செல்களை ஓர் இரவு, வளர்ச்சிக் காரணிகள் உள்ள சீரம் இல்லாமல் பட்டினி போடுவார்கள். காலையில் தடுப்பானை அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ முன்கூட்டியே விடுவார்கள். பிறகு வளர்ச்சிக் காரணியை ஊற்றிப் பத்து நிமிடத்தில் செல்களைக் கரைத்து, புரதங்களை ஜெல்லில் ஓட்டி, குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டைகளாகப் பார்ப்பார்கள். தடுப்பான் போடாத தட்டிலும், அதைக் கரைக்கப் பயன்படுத்திய டிஎம்எஸ்ஓ-வை மட்டும் அதே அளவில் விட வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

டிஎம்எஸ்ஓ பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். ஏர்கான் போட்ட லேப் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற குழாயைப் பொறுமையில்லாமல் திறந்தால் உள்ளே தண்ணீர் படிந்துவிடும். பத்து முறை இப்படித் திறந்த குழாயில், கரையாத மருந்துத் துகள்கள் அடியில் தங்கிவிடுவதுண்டு. மேலே நிற்கிற கரைசலில் எழுதியிருக்கும் 10 மில்லிமோலார் இருக்காது. டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால், பாதி உருகிய நிலையில் பிப்பெட் வைத்து எடுத்தாலும் இதே கதி. சிறு சிறு குழாய்களாகப் பிரித்து வைத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடாமல் இருப்பது சலிப்பான வேலைதான். ‘மருந்து போன மாதம் வேலை செய்தது, இந்த மாதம் செய்யவில்லை’ என்று புலம்புகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி குழாயைப் பற்றித்தான்.

சரி, மருந்து சரியான புரதத்தைத்தான் பிடிக்கிறது, செறிவும் சரி. அப்போதும் செல் நம்மைச் சுற்றலில் விடும். ஏனென்றால் வளர்ச்சிப் பாதைகள் நேர்கோடுகள் அல்ல. எம்டார் விழித்திருக்கும்போது அதன் கீழே உள்ள எஸ்6 கைனேஸ், மேலே இன்சுலின் ஏற்பியின் பக்கத்தில் இருக்கும் ஐஆர்எஸ்1 புரதத்தை அடக்கி வைக்கிறது. ‘போதும், இன்னும் கத்தாதே’ என்று கீழிருந்து மேலே போகும் செய்தி அது. ராப்பமைசின் போட்டால் அந்தக் கடிவாளமும் கழன்றுவிடும். ஏகேடி முன்பைவிடச் சுறுசுறுப்பாகிவிடும். வளர்ச்சியை நிறுத்தப் போட்ட மருந்து, பிழைத்திருக்கச் சொல்லும் செய்தியை ஏற்றிவிடுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் ராப்பமைசின் வகை மருந்துகள் எதிர்பார்த்த அளவு பலிக்காததற்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

இதைவிட வினோதம் ராஃப். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ராஃப் வகையான பிராஃப் கைனேஸ் கெட்டுப்போய் ஓயாமல் செய்தி அனுப்பும். அதைத் தடுக்கும் வெமுராஃபெனிப் அந்தச் செல்களில் எர்க்கை அடியோடு அணைத்துவிடும். ஆனால் பிராஃப் கெடாத, ராஸ் கெட்டுப்போன செல்களில் அதே மருந்து எர்க்கைத் தூண்டிவிடுகிறது என்று 2010-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. ராஃப் இரட்டையாகச் சேர்ந்து வேலை செய்வது. மருந்து ஒன்றைப் பிடித்தால் பக்கத்தில் உள்ள ஜோடி முறுக்கேறுகிறது. அந்த மருந்தைச் சாப்பிட்ட சிலருக்குத் தோலில் வேறு கட்டிகள் முளைத்ததன் காரணமும் அதன்பிறகே விளங்கியது. ‘தடுப்பான் போட்டோம், ஆகவே பாதை அடைபட்டது’ என்று அளந்து பார்க்காமல் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

பின்னே எதைத்தான் நம்புவது? என் கணக்கில் எல்லாவற்றையும் விட வலுவான சான்று, மருந்தை எதிர்த்து நிற்கும் மாற்றம்தான். புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, மருந்து ஒட்ட முடியாமல் செய்ய வேண்டும். வேலை பழையபடியே நடக்கும், மருந்து மட்டும் செல்லாது. அந்தச் செல் மருந்திலிருந்து தப்பித்துவிட்டால், மருந்து அந்தப் புரதத்தின் வழியாகத்தான் வேலை செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஈஸ்ட்டில் டார் அகப்பட்டது இப்படித்தான். ஓடிஎஸ்964-இன் உண்மையான இலக்கு சிடிகே11 என்று ஷெல்ட்சர் குழு காட்டியதும் இப்படித்தான்.

இதையே இயற்கை நோயாளிகளிடம் செய்து காட்டியிருக்கிறது. சிங்கப்பூரில் புகைபிடிக்காத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதைப் பலரும் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ கேள்விப்பட்டிருப்போம். ஆசியர்களிடம் அந்தக் கட்டிகளில் பெரும் பங்கு, ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி கெட்டுப்போனதால் வருவது. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மாத்திரைகள் அந்த ஏற்பியின் குழியை அடைக்கின்றன. பல மாதங்கள் நன்றாகக் கேட்கும், பிறகு கட்டி திரும்ப வளரும். அப்படித் திரும்பியவற்றில் ஏறக்குறைய பாதியில், குழியின் வாசலில் இருக்கும் 790-ஆவது அமினோ அமிலம் திரியோனினிலிருந்து மெத்தியோனினாக மாறியிருந்தது. கட்டி தப்பிக்க அந்த ஒரே மாற்றம் போதும் என்றால், மருந்து கட்டியைச் சுருக்கியது அந்த ஏற்பியின் வழியாகத்தான். அந்த மாற்றத்தையும் கணக்கில் எடுத்து உருவாக்கிய ஓசிமெர்ட்டினிப்புக்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எல்லா ஆய்வகமும் இவ்வளவு தூரம் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம், அமைப்பில் வேறுபட்ட, அதே புரதத்தைக் குறிவைக்கும் இரண்டாவது தடுப்பான் ஒன்று, அதோடு அமைப்பில் ஒத்த ஆனால் வேலை செய்யாத இரட்டை ஒன்று, இரண்டும் பரிந்துரைத்த செறிவுக்குள். இதைத்தான் 2015-இலிருந்து வேதியியல் உயிரியலாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 2023-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஒரு கணக்கெடுப்பு 662 ஆய்வுக் கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்தது. மூன்றையும் சரியாகச் செய்தவை 4 சதவீதம்தான்.

இனி சிங்கப்பூரிலேயே பிறந்த ஒரு தடுப்பான். ஈடிசி-159 என்று பெயர். ஏ-ஸ்டார் என்ற அரசாங்க ஆய்வு அமைப்பும், ஊட்ரம் வட்டாரத்தில் இருக்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கியது. அரசாங்கப் பணத்தில் இங்கேயே கண்டுபிடித்து மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை போன முதல் புற்றுநோய் மருந்து. 2015-இல் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. இது கைனேஸ் எதையும் தொடுவதில்லை. விண்ட் என்ற வளர்ச்சிச் செய்தியைச் செல் வெளியே அனுப்பவேண்டுமானால், அந்த விண்ட் புரதத்தின்மேல் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியாக வேண்டும். ஒட்டுகிற நொதியின் பெயர் போர்க்குபைன். அதைத் தடுத்துவிட்டால் விண்ட் செல்லைவிட்டே வெளியேறாது. ஏற்பியில் போய் ஒட்ட ஆளே இருக்காது. பாதையைத் தொடக்கத்திலேயே மூடிவிடும் முறை இது.

இந்த மருந்தைக் கொண்டு டேவிட் விர்ஷப்பின் குழு 2018-இல் வெளியிட்ட வேலை, தடுப்பானை எப்படிக் கேள்வி கேட்கப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். எலிகளின் கணையத்தில் மனிதக் கணையப் புற்றுநோயை வளர்த்து, மருந்தைக் கொடுத்து, 3 மணி நேரத்திலிருந்து 7 நாள் வரை பல கட்டங்களில் கட்டியை எடுத்து மரபணுக்கள் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்தார்கள். ஒரே ஒரு நேரத்தில் பார்த்திருந்தால் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறியிருப்பது மட்டும் தெரிந்திருக்கும். எது மருந்தின் நேரடி விளைவு, எது அதைத் தொடர்ந்து நடந்தது என்று பிரித்திருக்க முடியாது. காலவரிசையில் பார்த்ததால், முதலில், மற்ற மரபணுக்களை இயக்கும் மிக் என்ற புரதத்தின் பிடி தளர்வதும், அதையடுத்து ரைபோசோம் தயாரிக்கும் மரபணுக்கள் இறங்குவதும் தெரிந்தது. ரைபோசோம் குறைந்தால் புரதத் தயாரிப்பு குறையும், செல் வளராது. அப்புறம், எளிதில் சிதையாத மிக்கைச் செல்களில் வைத்தும், விண்ட் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் பீட்டா-கேட்டனின் புரதத்தைச் சிதையாத வடிவில் வைத்தும் ஒப்பிட்டார்கள். மருந்து மேலே பாதையை மூடினாலும் கீழே இருப்பதைச் செயற்கையாக எழுப்பி வைத்தால் எது மீள்கிறது, எது மீளவில்லை என்ற கேள்வி அது. ராப்பமைசினுக்கு ஈஸ்ட்டில் கேட்ட கேள்வியின் தம்பி என்று சொல்லலாம்.

இந்த மருந்துக்கு ஒரு பக்கவிளைவு முன்பே எதிர்பார்க்கப்பட்டது. எலும்பு கட்டுவதற்கும் விண்ட் வேண்டும். போர்க்குபைனைத் தடுத்தால் எலும்பு தேய வேண்டும், எலிகளில் தேய்ந்தது. இதை மருந்து குறிதவறிப் போனதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்ன புரதத்தைத்தான் உடல் முழுவதும் பிடிக்கிறது என்பதன் அடையாளம் அது. அதே விர்ஷப் குழு 2018-இல், எலும்புத் தேய்மானத்துக்கு வயதானவர்களுக்கு வழக்கமாக எழுதிக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட்டையும் சேர்த்துக் கொடுத்தால் எலிகளில் எலும்பு இழப்பு குறைகிறது என்று காட்டியது.